இரண்டு பேருக்கும் வந்த ஒரே விடை

ஆராய்ச்சி செய்கிற இளைஞர்களை ஒரே இடத்தில் கூட்டி, அவரவர் வேலையை அவரவர் வாயால் சொல்லவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு காலத்தில் யோசனை வந்தது. அறிவு தாகம் ஒன்றும் காரணமில்லை. கால்வலிதான் காரணம்.

எழுபதுகளின் நடுவில் நான் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பொருளியல் டியூட்டராக இருந்தேன். வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள், பரீட்சை மேற்பார்வை. சனி ஞாயிறு வந்தால் பஸ் பிடித்து இண்டூரில் இறங்கி, மண்ரோட்டில் நடந்து, மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூருக்குப் போவேன். வீடு வீடாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்பதுதான் என் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. கேள்வி மிகச் சின்னது. ஒரு குடும்பம் தன் நிலத்தில் விளைவிக்கும் கேழ்வரகு, அடுத்த அறுவடை வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குப் போதுமா, போதாதா? எவ்வளவு விளைந்தது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டைக் கேட்டால் மூன்றாவது தானாக வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போய், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தபோது எளிதாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏர் ஓட்டிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் என் கேள்விகளை ஆரம்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையேதான் போன வாரம் ஒரு சாரு வந்து கேட்டுட்டுப் போனாருங்க. அவருகிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தரு பேசிக்க மாட்டீங்களா?"

பேசிக்கொள்வதில்லை என்பதுதான் உண்மை. அன்று திரும்பி நடக்கும்போது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே வெயிலில், ஒரே ஊரில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு அலைகிறோம். நான் போகிற வாரம் அவர் வருவதில்லை, அவர் வருகிற வாரம் நான் போவதில்லை. நாய்களுக்குக்கூட எங்கள் இருவரையும் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் தெரியவில்லை.

அந்த "சாரை" விசாரித்துப் பிடித்தேன். சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். நிலபுலம் உள்ள குடியானவக் குடும்பம், நல்ல உயரம், வெள்ளை வெளேரென்று சட்டை. கல்யாணம் ஆகாதவர். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். அவருடைய கேள்வியும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் பதறியிருக்கலாம், நானும் பதறியிருக்கலாம். இரண்டு பேரும் பெரிதாகச் சிரித்தோம். அழுவதற்குத் தெம்பு இல்லாததால் வந்த சிரிப்பு என்றே நினைக்கிறேன். பென்னாகரம் பக்கம் ஆடு மேய்ப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒருவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆட்டுக்காரருக்கு, நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம், வேறு இரண்டொருவரைத் தெரிந்திருந்தது. இப்படிச் சங்கிலி நீண்டது. எல்லாருமே தனித்தனியாக அலைந்து, தனித்தனியாகக் களைத்துப் போயிருந்தார்கள்.

ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் என்று கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டேன்.

"தாராளமா நடத்தலாம்மா. ஆனா முறையா நடத்தணும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் ஆயுளில் சில மாதங்கள் போய்விட்டன. முறை என்றால் அழைப்பிதழ். அழைப்பிதழ் என்றால் தலைமை, முன்னிலை, தொடக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை. யார் பெயருக்கு மேல் யார் பெயர் வரவேண்டும் என்பதில் மனஸ்தாபம். அச்சகத்தில் மூன்றாவது முறையாக எழுத்துக் கோத்தவர், "நீங்க மொதல்ல பெரியவங்களை முடிவு பண்ணிக்கிட்டு வாங்கம்மா" என்று ஈய எழுத்துகளை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஆராய்ச்சி செய்கிறவர்களின் பெயர்கள் எல்லாம் அழைப்பிதழின் கடைசியில், பொடி எழுத்தில், "மற்றும் பலர்" என்பதற்கு ஒரு வரி மேலே இருந்தன.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. என் கைடை, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சென்னைப் பேராசிரியரை, எப்படியாவது தருமபுரிக்கு வரவழைக்க வேண்டும்.

என் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கெட்ட மனிதர் இல்லை. என்னை எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தவர். ஆனால் வீட்டுக்கு ஜாதகம் கேட்டு ஆள் வருவது நிற்கவே இல்லை.

"படிச்சது போதும்னு நான் சொல்லலம்மா" என்பார். "வர்றவங்ககிட்ட எத்தனை தடவதான் சாக்கு சொல்றது? உங்க புரொபசரு எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், இவ வேலை தேறுதுன்னு. அப்பறம் ரெண்டு வருசத்துக்கு நான் கல்யாணப் பேச்சே எடுக்கல. இல்லாட்டி வர்ற தையில முடிச்சிடலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் என் கைடு எதையும் தேறும் என்றோ தேறாது என்றோ சொல்பவர் இல்லை. சென்னைக்குப் போய் அவர் முன்னால் காகிதக் கட்டை வைத்தால், புரட்டிப் பார்த்துவிட்டு "பார்க்கலாம்" என்பார். அவரிடமிருந்து நான் பெற்ற அறிவுரைகளில் அதுதான் மிக நீளமானது. அந்தக் கூட்டத்துக்கு அவரைத் தலைவராகப் போட்டால் வருவார். வந்தால் அப்பாவின் எதிரில் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். என் பட்டம், என் வேலை, நான் விரும்பியபடி இருக்கப்போகும் இரண்டு வருடம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன.

வந்தார். காலை ரயிலில் இறங்கினார். அப்பாவும் வெளுத்த வேட்டியோடு கல்லூரிக்கு வந்து, ஹாலின் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்துகொண்டார்.

காலைப் பொழுது முழுவதையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரவேற்றவர் எல்லாரையும் வரவேற்றார், பிறகு வரவேற்க விட்டுப்போனவர்களை வரவேற்க ஒருவர் எழுந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தப்பட்டவர்கள் திருப்பிப் போர்த்தினார்கள். வாழ்த்துரை வழங்க வந்த ஒருவர், இளைஞர்கள் பேசுவதைக் கேட்கத் தாம் மிகுந்த ஆவலோடு இருப்பதாக வெகுநேரம் பேசினார். பேசவேண்டிய இளைஞர்கள் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்து, தங்கள் கட்டுரைகளில் எந்தப் பக்கத்தை விடலாம் என்று பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் குறையக் குறைய எங்கள் ஆராய்ச்சி மெலிந்துகொண்டே போனது.

சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதுதான் முதல் கட்டுரைக்கு இடம் கிடைத்தது. சேலத்துக்காரர் படித்தார். இண்டூர் பக்கத்து அந்தச் சிற்றூரில் நிலம் நினைத்ததைவிட அதிகம், விளைச்சலும் பரவாயில்லை, சொந்தக் கேழ்வரகு வருடம் முழுக்கப் போதும் என்பது அவர் முடிவு. அடுத்து நான். என் கணக்கில் நிலம் அவர் சொன்னதைவிடக் குறைவு. ஆனால் குடும்பங்கள் சின்னவை, சாப்பிடும் வாய்கள் கொஞ்சம். ஆகவே என் முடிவும் அதேதான். போதும்.

என் கைடு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒருத்தரை ஒருத்தர் தெரியாம வேலை செஞ்ச ரெண்டு பேர். வேற வேற கைடு. ஆனா ஒரே முடிவு. இதுக்கு மேல என்ன வேணும்? இதைத்தான் நாம சயின்ஸ்னு சொல்றோம்."

ஹால் கை தட்டியது. கூட்டம் கலையும்போது அவரே நேராகப் பின்வரிசைக்கு நடந்தார். அப்பா எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு வேலை நல்லா தேறியிருக்குங்க. இனிமே எழுதறதுதான் பாக்கி. ரெண்டு வருசம் தொந்தரவு பண்ணாம விட்டுடுங்க."

"சரிங்க, நீங்க சொன்னா சரிங்க" என்றார் அப்பா. அவர் முகம் தெளிந்திருந்தது. அந்த வார்த்தையைக் கேட்க அவரும்தான் இத்தனை நாளாக ஏங்கியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. சாப்பாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு முதல்வர் அறையில் இலை போட்டிருந்தார்கள். நாங்கள் வராந்தாப் படிகளில் தட்டோடு உட்கார்ந்தோம். சாம்பார் சாதம், ஆறிப்போன பொரியல். உண்மையில் கூட்டம் அங்கேதான் ஆரம்பித்தது. மைக் இல்லை, தலைமை இல்லை, வாய் நிறையச் சோறு. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எனக்கு வெகுநாளைக்கப்புறம் பசித்தது.

சேலத்துக்காரர் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. எந்த வூட்லயும் என்னை வெறும் வயித்தோட விட்டதில்ல. கோழி அடிச்சாங்க. ஒரு வூட்ல பாயசமே வெச்சாங்க."

"அதே ஊருலயா?" என்றேன். "எனக்குத் தண்ணிகூட நானாக் கேட்டாத்தான் குடுத்தாங்க."

ஆட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் அவருடையது. தமிழில் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து வைப்பார்.

"சார், அந்த ஊருல உங்ககிட்ட மொதல்ல என்ன கேட்டாங்க?"

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாங்க. எல்லா ஊர்லயும் கேக்கறதுதானே. அப்பறம் எந்த ஊரு, யாரு வூட்டுப் பையன், கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, நெலம் எவ்வளவு..."

"அதுக்கப்பறம்தான் நீங்க அவங்க நெலம் எவ்வளவுன்னு கேட்டீங்க?"

"ஆமா."

ஆட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. யாரோ முதுகில் தட்டினார்கள். "சார், நீங்க சர்வே எடுக்கல. பொண்ணு பார்த்துட்டு வந்திருக்கீங்க. குத்தகைக்கு ஓட்டறது, பங்காளி நெலம், எப்பவோ வித்தது, எல்லாத்தையும் சேர்த்து உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க."

வராந்தா அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சேலத்துக்காரர் காதுவரை சிவந்து, கடைசியில் தானும் சிரித்துவிட்டார்.

"எல்லா வூட்லயும் அப்படி இல்லீங்க" என்றார். "ஊர்க்கோடியில ஒரு வூடு, அங்க கட்டிக் குடுக்கற வயசுல பொண்ணே இல்ல. எல்லாம் பொடிசுங்க. ஒரே கூச்சல். என் பேனாவையே புடுங்கிட்டு ஓடிடுச்சுங்க."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எந்த வூடு? வாசல்ல நொண்டி மாடு கட்டியிருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"அந்த வூட்ல புள்ளைங்களே இல்லீங்களே."

"என்னங்க சொல்றீங்க? கால் வெக்க எடமில்லாம இருந்துச்சுங்க."

ஆட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். என் வாயல் சேலையை, படியில் வைத்திருந்த தோள்பையை, மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தார். "நீங்க போனதும் மொதல்ல என்னங்க கேப்பீங்க?" என்றார் மெதுவாக.

அந்த வருடம் ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. தோளில் பையும் கையில் ஃபைலுமாக ஒரு பெண் வந்து, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாள். அவள் போன கொஞ்ச நாளில், ஆண்களை ஆபரேஷனுக்கு அள்ளிப்போக ஜீப் வரும். பென்னாகரம் பக்கம் ஜீப் சத்தம் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் ஓடுகிறார்கள் என்று ஆட்டுக்காரர் எங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நானும் பையோடும் ஃபைலோடும் போய், அதே கேள்வியை, அதே பணிவான குரலில் கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் அவர்கள் பிள்ளைகளைக் கொல்லைப்பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். கேழ்வரகு விஷயத்தில் யாரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள். என்னிடம் மறைக்கவேண்டியது அது இல்லையே.

அவரிடம் நிலத்தைக் கூட்டிச் சொன்னார்கள். என்னிடம் வாய்களைக் குறைத்துச் சொன்னார்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் போதும் என்று வந்தது. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன. அதற்குத்தான் ஹால் கை தட்டியது.

சேலத்துக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இத இப்ப வெளிய சொல்ல வேணாங்க. என்னோடது டைப்பிங்குக்கே போயிடுச்சு. எழுதறப்ப எங்கயாவது ஒரு வரி சேர்த்துக்கலாம். உங்க அப்பா முகத்த நானும் பார்த்தேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இன்றுவரைக்கும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

பிற்பகலில் மற்றவர்கள் படித்தார்கள். ஆட்டுக்காரரின் கட்டுரைதான் அன்று படித்ததிலேயே சிறந்தது என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். என் காதில் எதுவும் விழவில்லை. என் பெயர் நன்றியுரைக்குப் போட்டிருந்தது. அக்காலத்தில் எந்தக் கூட்டமானாலும் பெண்களுக்கென்று இரண்டு வேலைகள் உண்டு, ஒன்று தொடக்கத்தில் கடவுள் வாழ்த்துப் பாடுவது, இன்னொன்று கடைசியில் நன்றி சொல்வது. எனக்குப் பாட வராது.

மேடையேறினேன். பெரியவர்களுக்கெல்லாம் வரிசைப்படி நன்றி சொன்னேன். ஹாலுக்கு, மைக்குக்கு, சமையலுக்கு நன்றி சொன்னேன். இறங்கியிருக்கலாம். அப்பா கதவோரத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இறங்கிவிடு என்று எனக்குள்ளே ஒரு குரல் கெஞ்சியது. அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அது சொன்னதும் நியாயமாகவே பட்டது. ஆனால் படியில் வைத்து அந்தச் சிரிப்பைச் சிரித்த பிறகு, கிடைத்த கைதட்டலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு அருவருப்பாக இருந்தது.

"என் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஊர் மக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்" என்றேன். "ஆனால் அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இன்று மதியம் வரை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

பிறகு பிள்ளைகளை என்னிடம் மறைத்த கதையைச் சொன்னேன். என் கட்டுரையின் பிழையைத்தான் சொன்னேன், சேலத்துக்காரர் பெயரை எடுக்கவில்லை. ஆனால் வராந்தாவில் சிரித்தவர்கள், பெண் பார்த்த கதை நினைவுக்கு வந்து, இங்கேயும் சிரித்துவிட்டார்கள். சேலத்துக்காரர் தலை குனிந்துகொண்டார். என் கைடு சிரிக்கவில்லை. பொன்னாடையை மடித்து, அதை இன்னும் சின்னதாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரயிலடிக்கு அவரை வழியனுப்ப நானும் அப்பாவும் போனோம். ரயில் தாமதம். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர்தான் பேசினார்.

"நன்றியுரையில யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களாம்மா?"

"அது தப்பா இருந்துச்சுங்க சார்."

"தப்புன்னா எங்கிட்ட வந்து தனியாச் சொல்லியிருக்கணும். மைக்குல சொன்னப்பறம் நான் அந்தக் கணக்கை எப்படி ஏத்துக்கறது? இனி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகணும்."

"போறேன் சார்."

அப்பா பெஞ்சின் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "மொதல்ல இருந்துன்னா, எத்தனை வருசம் ஆகுமுங்க?"

கைடு தண்டவாளத்தைப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். கடைத்தெருவைத் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"தப்புன்னு வேற யாருக்காச்சும் தெரியுமாம்மா?"

"நாங்க நாலஞ்சு பேருதான்."

"அப்பறம் ஏம்மா சொன்ன? பாஸாகியிருந்துச்சே."

அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். திட்டவில்லை. அவரும் களைத்துப்போயிருந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சரி, தையிலயே பார்த்துடலாம்" என்றார். நானும் சரி என்றேன்.

பென்னாகரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர் மாப்பிள்ளை. அமைதியான மனிதர். டியூட்டர் வேலையை விட்டேன். நான் மேற்கொண்டு ஏதும் எழுதாததால் ஆராய்ச்சிப் பதிவு தானாகவே காலாவதியாகிவிட்டது. சேலத்துக்காரர் டாக்டரானார். ஒரு வரியும் மாற்றவில்லை என்று ஆட்டுக்காரர் ஒரு முறை பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார். அடுத்த ஆவணியில் சேலத்துக்காரருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் அந்தச் சிற்றூர்தான். அந்த வகையில் அவருடைய சர்வே வீண்போகவில்லை.

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்த சமயத்தில், தருமபுரி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் இண்டூரில் நின்றது. எத்தனையோ முறை அந்த வழியாகப் போய்வந்திருக்கிறேன், நின்றதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அன்று என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். எதற்கு இறங்கினாய் என்று யாராவது கேட்டிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. மண்ரோட்டில் மெல்ல நடந்தேன்.

ஊர்க்கோடி வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் முன்பு கேள்விகள் கேட்டிருக்கிறேன். தலை நிமிர்ந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் இறுகியது. அப்புறம் அவள் பார்வை என் வயிற்றுக்கு இறங்கியது.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, இந்த வெயில்ல இப்படி நடக்கலாமுங்களா? வாங்க, மொதல்ல நெழலுக்கு வாங்க. எத்தனாவது மாசம்?"

சொன்னேன். உட்காரவைத்தாள். உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழ் கரைத்து, வெங்காயம் கிள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை என் எதிரிலேயே குந்தியிருந்தாள்.

"அப்ப நீங்க அந்தம்மா இல்லீங்களா?"

"எந்தம்மா?"

"அதாங்க, ஆப்ரேசனுக்கு ஆளு புடிக்கறவங்க. நாங்க உங்கள அப்படித்தான் நெனச்சோம். புள்ளைங்க வேணாம்னு ஊருக்கெல்லாம் சொல்றவங்க, தான் இப்படி வயித்தத் தூக்கிக்கிட்டு வருவாங்களா?"

அவளே சிரித்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏய், வெளிய வாங்க எல்லாரும். ஒண்ணுமில்ல, இது நம்மளாட்டம் ஒரு அம்மாதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டும் வந்தார்கள். ஒரு சிறுமி இடுப்பில் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் வந்தார்கள். நான் எதுவுமே கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள். பங்குனி பிறந்தால் கேழ்வரகுப் பானை காலி என்றார்கள். அப்புறம் கூலிக்குப் போகிற வீட்டில் ஊற்றுகிற கூழ்தான், அதுவும் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளைகளின் குச்சிக் கால்களைப் பார்த்தேன், கேட்கவில்லை.

இரண்டு வருடம் இந்த வாசலில் நான் நின்றதெல்லாம் இந்த ஒரு விடைக்காகத்தான். கல்யாணமாகி, படிப்பை விட்டு, வயிற்றுப் பிள்ளையோடு வந்த பிறகுதான் அது எனக்குக் கிடைத்தது.

"என்னம்மா சும்மா உக்காந்திருக்கீங்க, எழுதிக்கங்க" என்றாள் அவள். "அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்யி. இப்பச் சொல்றதுதான் நெசம். எழுதிக்கங்க."

பையில் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர ஒன்றுமில்லை. இனி எதில், யாருக்காக எழுதுவது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லுங்க என்று தலையை ஆட்டினேன். அவள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, மூத்தவனின் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.